மேடையில் நீ மடித்த தாள்

தங்கச்சி,

அன்றைக்கு அந்த அரங்கத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மேடையில் தமிழ்ச் சங்கச் செயலாளர் பாஸ்கரன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி வித்யா, மாம்பழ நிறப் பட்டுப்புடவை. ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியோடு பஷீர். முன்வரிசையில் நான், என் மகன், மருமகள் சுகன்யா. மேடைப் படிக்கட்டில் கையில் தாளோடு என் பேத்தி நிலா. இறகு கட்டிய பிள்ளைகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பேரையும் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். சின்னப் பிள்ளைகளை இதில் இழுப்பது நியாயமில்லை. பின்னால் முந்நூறு பேர். எல்லாருக்கும் நடுவில் நீ, பச்சைக் கல் தோடு போட்டுக்கொண்டு, உன் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி.

இந்த வரிசையை மூன்று வருஷமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன். யார் கைதட்டினார்கள், யார் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், யார் அப்போது வடை தின்றுகொண்டிருந்தார்கள் என்று எல்லாமே என்னிடம் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது என்றுதான் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பார்சல் வந்தது. சுகன்யா கையெழுத்துப் போட்டு வாங்கி, "கனடாவுலேருந்து, உங்க பேருக்குத்தான் அத்தை" என்று நீட்டினாள். பிரித்ததும் மணம்தான் முதலில் வந்தது. புது வைக்கோலையும் ஏலக்காயையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்துத் திறந்த மாதிரி. உள்ளே மூன்று புரியாகப் பின்னிய உன் புல் சடை. உன் வீட்டுச் சன்னலில் தொங்குமே, அதேதான். அதைப் பார்த்ததும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா மகராசிக்கு" என்றேன். சடையை மேசைமேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கூடவே இருந்த கடிதத்தை நிலாதான் படித்தாள். உன் தங்கை எழுதியது. பள்ளிக்கூடம் லீவு, அவள் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்பாயி, அடுப்ப ஆஃப் பண்ணுங்க."

"ஏன்டி, என்னவாம்?"

"டீச்சர் இல்ல அப்பாயி. அவங்க ஊர்ல பனி பெய்யும்போதே போயிட்டாங்களாம்."

நான் அடுப்பை அணைக்கவில்லை. ரசம் பொங்கி வழிந்தது. சுகன்யா ஓடிவந்து அணைத்தாள். பனி பெய்யும்போது என்றால் இப்போது எத்தனை மாதம்? விரலை மடக்கி எண்ணினேன். அத்தனை மாதமும் செத்துப்போன ஒருத்தியை நான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது, லிஃப்டில் உன் மாடிக்குப் போகிற ஏழாம் நம்பர் பொத்தான் கண்ணில் படும்போதெல்லாம். நீ மண்ணுக்குள் இருந்திருக்கிறாய்.

உன்னை முதலில் பார்த்ததும் அந்த லிஃப்டில்தான். நிறத்தைப் பார்த்து யாரோ வெள்ளைக்காரி என்று நினைத்தேன். நான் அபுதாபிக்கு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீ மூக்கை உறிஞ்சி, என் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பார்த்து ஏதோ கேட்டாய். கூட வந்த நிலா திகைத்துப் போய், "அப்பாயி, புகையிலை வச்சிருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. வெற்றிலை போடுகிறதுக்கே என் மகன், "இது நம்ம ஊரு இல்லம்மா, புடிச்சா ஃபைன் போடுவான்" என்று மிரட்டி வைத்திருந்தான். "மாஃபி, மாஃபி" என்று கையை ஆட்டினேன். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே அரபி வார்த்தை அதுதான். நீ சிரித்து, விரல் நுனியைக் காட்டி, ஒரு கிள்ளு போதும் என்றாய்.

சரி, பாவம், ஆசைப்படுகிறாள் என்று கொடுத்தேன். நீ வாயில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் நிற்கிற மரத்தடியில் குனிந்து, அதை மண்ணில் வைத்து ஏதோ மெதுவாகப் பேசினாய். பிறகுதான் கீழே கிடந்த ஒரு காயை எடுத்தாய். மரத்திடம் எதை எடுப்பதென்றாலும் முதலில் புகையிலை கொடுக்க வேண்டும், அது உங்கள் வழக்கம், சிகரெட்டைப் பிய்த்து வைக்க மனசு வரவில்லை என்று நிலா மூலமாகச் சொன்னாய்.

"புகையிலை போட்டா எச்சி ஊறுமே, மரம் எங்க போய்த் துப்பும்னு கேளுடி" என்றேன்.

நிலா அதைச் சொன்னதும் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. அந்த மரத்தை இந்த ஊரில் காஃப் என்கிறார்கள், எங்களுக்கு அது வன்னி, கோயிலில் சுற்றி வந்து கும்பிடுவோம் என்று சொன்னேன். நீ பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "வன்னி" என்று உன் எழுத்தில் எழுதிக்கொண்டாய்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நீ பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஆனால் வயதை விரலில் எண்ணிப் பார்த்ததில் நான் பதினோரு வருஷம் மூத்தவள். அதிலிருந்து உனக்கு நான் அக்கா, எனக்கு நீ தங்கச்சி. "நீங்க வாங்க" எல்லாம் அன்றோடு போயிற்று.

சனிக்கிழமைகளில் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் நாம் மூன்று பேரும் அலையாத்திக் காட்டுக்குப் போவோம். நான் முத்துப்பேட்டைப் பக்கம் பிறந்தவள், அலையாத்தி எனக்குப் புதிதில்லை. ஆனால் பாலைவனத்து ஊரில், பின்னால் கண்ணாடிக் கட்டடம் நிற்க, முன்னால் சேற்றிலிருந்து மூச்சு வேர் ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து முதல் நாள் வாயடைத்து நின்றேன். விழுந்து கிடந்த ஒரு இலையை எடுத்து அடிப்பக்கத்தை நக்கிக் காட்டினேன். உப்பு. நீயும் நக்கினாய். "மரம் வேர்க்குது" என்றேன். நீ அதையும் எழுதிக்கொண்டாய்.

உன் சனத்தைப் பற்றி அந்தக் காட்டுக்குள் போகிற மரப்பலகை நடைபாதையில்தான் சொன்னாய். அபெனாக்கி. விடியல் தேசத்து மக்கள் என்று அர்த்தம். அந்த மண்ணில் சூரியன் முதலில் உங்கள் பக்கம்தான் வருமாம். உங்கள் ஆற்றங்கரையில் ஒரு மரம், வெட்டிய அடிமரத்தைத் தட்டித் தட்டி நீள நீளப் பட்டையாக உரித்துக் கூடை முடைவீர்களாம். இப்போது பச்சை நிறத்தில் ஒரு வண்டு வந்து அந்த மரங்களை உள்ளேயே தின்று தீர்க்கிறதாம். உன் பாட்டி பள்ளிக்கூடத்தில் உங்கள் பாஷையைப் பேசியதற்காக அடி வாங்கியவள். அதனால் உன் அம்மாவுக்குச் சொல்லித்தரவில்லை. நீ நாற்பது வயதுக்குமேல் ஒரு கிழவரிடம் போய்ப் படித்தாய். உன் கவிதைகளை இங்கிலீஷில் நிறையப் பேர் முன்னால் வாசித்திருக்கிறாய், உங்கள் பாஷையில் ஒரு தடவைகூட இல்லை. "வாய் வரைக்கும் வருது, அப்புறம் பாட்டி வாங்குன அடி ஞாபகம் வருதாம்" என்றாள் நிலா.

நான்தான் சொன்னேன். இதை மறுக்க மாட்டேன். "எங்க ஆளுங்க முன்னாடி வாசி. பாஷைன்னா உசிரை விடுற சனம். உன்னை அடிக்க மாட்டாங்க, தலையில தூக்கி வச்சுக்குவாங்க" என்று நான்தான் சொன்னேன்.

நீ ஒரு மாதம் எழுதினாய். வண்டு தின்ற மரத்தின் சாவை அலையாத்தியிடம் வந்து சொல்கிற கவிதை. நிலா அதைச் சொன்னபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. "இது சாவு சொல்லிப் போறதுதானே! எங்க ஊர்ல யாராவது செத்தா உறவுமுறை இருக்கிற ஊருக்கெல்லாம் ஆள் போய்ச் சொல்லும். சொல்லாம விட்டா பெரிய குத்தம்" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து அதைத் தமிழ் ஆக்கினோம். நீ சொல்ல, நிலா அர்த்தம் சொல்ல, நான் பேச்சாகச் சொல்ல, அவள் போனில் தட்டினாள். மேடையில் நீ உன் பாஷையில் ஒரு வரி வாசிக்க வேண்டும், அவள் தமிழில் ஒரு வரி வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. உன் வாழ்க்கையில் முதல் தடவை.

பாஸ்கரன் அதற்காக எங்கள் வீட்டுக்கு வந்த நாளும் நினைவிருக்கிறது. ஆபீசில் அவர் என் மகனுக்கு மேலதிகாரி. அவர் சிரித்தால் இவனும் சிரிப்பான், அவர் எழுந்தால் இவனும் எழுவான்.

"அம்மா, இதுவரைக்கும் எந்தச் சங்கத்துலயும் நடக்காத விஷயம். ஒரு செவ்விந்தியப் பெண் கவிஞர் நம்ம முத்தமிழ் விழாவுல!"

"அபெனாக்கின்னு சொல்லணும் தம்பி. அதுல நூறு வகை சனம் இருக்காம்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. நம்மளையே வடக்க எல்லாரையும் சேத்து மதராசிங்கிறான்."

"அப்படிச் சொன்னா உங்களுக்குச் சுள்ளுன்னு வருதுல்ல?"

"உங்கம்மாகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுப்பா" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். என் மகனும் சிரித்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். அரங்க வாசலில் பெரிய பேனர். குதிரைமேல் இறகுக் கிரீடம் வைத்த ஒரு ஆம்பிளை, பக்கத்தில் உன் போட்டோ, கீழே "செவ்விந்தியக் கவிக்குயில்" என்று பட்டம். நீ அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாய். பிறகு என் மகனைப் பார்த்தாய். அவன் போனில் பேசுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இதை நான் பார்த்தேன், தங்கச்சி. பார்த்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வித்யா உன் பெயரைச் சொன்னாள். நீ மேடைக்குப் போனாய். மத்தளம் முழங்கியது. பன்னிரண்டு பிள்ளைகளும் இறகும் முகத்தில் சிவப்புக் கோடுமாக ஓடிவந்து, வாயில் கையைத் தட்டித் தட்டி "ஊ ஊ ஊ" என்று உன்னைச் சுற்றி ஆடினார்கள். சனம் விசிலடித்தது. எல்லாருக்கும் பொன்னாடை போர்த்துவதுபோல உனக்கும் போர்த்திவிட்டு, பாஸ்கரன் ஒரு தட்டில் இருந்த துணியை விலக்கினார். கிரீடம். சிவப்பும் மஞ்சளும் சாயம் ஏற்றிய இறகு, இடுப்பு வரைக்கும் தொங்குகிற வால். இரண்டு கையாலும் தூக்கி உன் தலையில் வைத்தார். சாமிக்கு வைப்பதுபோலத்தான் வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். நானும் கைதட்டினேன். நம் தங்கச்சிக்கு மகுடம் சூட்டுகிறார்களே என்று மற்றவர்களைவிட ஓங்கித் தட்டினேன்.

பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போன முகம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றாய். என் கை தட்டின இடத்திலேயே நின்றுவிட்டது.

நீ கிரீடத்தைக் கழற்றினாய். தூக்கி எறியவில்லை. மைக் மேசைமேல் மெதுவாக வைத்தாய். கையிலிருந்த தாளை இரண்டாக, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாய். அந்தப் பக்கத்துப் படியில் இறங்கி, என்னைத் தாண்டிப் போய்விட்டாய். நிலா இந்தப் பக்கத்துப் படிக்கட்டில் தமிழ்த் தாளோடு நின்றுகொண்டே இருந்தாள். "கவிஞருக்கு உடல்நலம் சற்றுச் சரியில்லை" என்று வித்யா மைக்கில் சொல்ல, பஷீர் அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மூன்றாம் நாளும் செருப்பை மாட்டினேன். அப்போது என் மகன் வந்து உட்கார வைத்துச் சொன்னான்.

"போகாதம்மா. நான் பேசிட்டேன். அவங்களுக்கு நம்ம கூட்டமே பிடிக்கலையாம். சத்தம், சாப்பாட்டு வாசம், எதுவுமே. நம்மள கொஞ்சம் கீழாத்தான் நினைக்கிறாங்க."

"தங்கச்சியா அப்படிச் சொன்னா?"

"நேராச் சொல்வாங்களா? பேச்சுல தெரியுதுல்ல."

நம்பினேன். வயிற்றில் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் யார் சொல்லி நம்புவேன்? புகையிலை கொடுத்த கையைக் கழுவிக்கொண்டேன். பாஸ்கரன்மேலும் கோபம், கேட்காமல் கொள்ளாமல் கிரீடம் வைத்ததற்கு. அவர் மகள் சடங்குக்குப் போகவில்லை. வித்யா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டைத் தட்டை மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பினேன். அவரும் இதே கட்டடம்தான், லிஃப்டில் வந்தால் சுவரைப் பார்த்து நிற்பேன். எனக்கு அதெல்லாம் சிரமமே இல்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். நீ. கையில் ஒரு டப்பா. இரண்டாம் தடவை அடித்தாய். "அக்கா" என்று கூப்பிட்டாய். கதவுக்கு இந்தப் பக்கம், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். மூன்றாம் தடவை நீ அடிக்கவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாய். அந்த மாதக் கடைசியில் உன் வேலை ஒப்பந்தம் முடிந்து நீ ஊருக்குப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னான்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். பார்சலில் உன் தாளும் இருந்தது. நீ மேடையில் மடித்த மடிப்பு அப்படியே. நிலா அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நாம தமிழ்ல எழுதினது எங்க அப்பாயி? என் பழைய போன்தான் போச்சே. அன்னைக்கு அப்பாதான் பிரிண்ட் எடுத்தாரு, அவரு மெயில்ல இருக்கும்" என்று வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். உன் பெயரைப் போட்டுத் தேடினாள். தேடினவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? இல்லையா?"

"அப்பாயி, டீச்சர் அப்பாவுக்கு லெட்டர் எழுதியிருக்காங்க."

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் நீ எழுதியது முதல் கடிதம். கீழ்த்தளத்தில் பிள்ளைகள் இறகு கட்டி ஒத்திகை பார்த்ததைப் பார்த்தேன், தயவுசெய்து அது வேண்டாம், என் தலையில் எதையும் வைக்க வேண்டாம். அப்படிப்பட்ட இறகுக் கிரீடம் எங்கள் சனத்துடையதே இல்லை. என் பாட்டி சுற்றுலாக்காரர்களிடம் கூடை விற்க, அவர்கள் கேட்கிறார்களே என்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டல் வாசலில் நின்றவள். அதை வைத்துக்கொண்டு என்னால் எங்கள் பாஷையில் வாய் திறக்க முடியாது. இதை அக்காவுக்கு நீங்கள் தமிழில் பக்குவமாகச் சொல்லுங்கள், சின்னப் பெண்ணிடம் இதைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவும் எழுதியிருந்தாய்.

என் மகன் அன்றைக்கே பதில் போட்டிருக்கிறான். "கவலைப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவும் இருக்காது." மூன்றே வரி.

இரண்டாவது கடிதம் விழா முடிந்த நான்காம் நாள். மூன்று நாள் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டேன், இப்போது வந்துவிட்டேன். அக்காவை மேலே வரச் சொல்லுங்கள், டீ போட்டு வைக்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். இந்தக் கவிதையை அந்த மரக்காட்டிலாவது அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும்.

அதற்குப் பதில் இல்லை.

நிலா படித்து முடித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. உலகத்தில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டிருக்கிறேன், தங்கச்சி. என் நாத்தனார்மேல், பால்காரன்மேல், இந்தக் கட்டடத்துக் காவலாளிமேல். என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன்மேல் ஒரு நாளும் இல்லை.

ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்து வந்தான். புல் சடையையும் திறந்து கிடந்த கம்ப்யூட்டரையும் பார்த்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான்.

"அம்மா, பாஸ்கரன் சார்தான் எனக்கு மேனேஜர். அந்த மாசம்தான் என் விசா ரினீவல். கிரீடம் சென்னையிலேருந்து வந்தாச்சு, பிள்ளைங்களுக்கு ட்ரெஸ் ரெடி. நான் போய் நிறுத்துங்கன்னு சொன்னா அவரு மூஞ்சி எப்படி மாறும்னு எனக்குத் தெரியும்."

"சரிடா. பயந்தே. பிழைப்பு. அதை விட்டுடுறேன். என்கிட்ட வந்து நம்மள கீழா நினைக்கிறான்னு சொன்னியே, அது எந்த விசாவுக்கு?"

குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"கேக்குறேன்ல?"

"நீ தினமும் மேல போய் நின்னே. அவங்க கதவத் தொறந்தா லெட்டர் விஷயம் வெளிய வந்துடும். நீ போகாம இருக்கணும்னா உனக்குக் கோவம் வரணும். உனக்குக் கோவம் வந்தா..." என்று நிறுத்தினான்.

என்னைப் பெற்றவளுக்குக்கூட என்னை இவ்வளவு நன்றாகத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தால் செத்தாலும் கதவைத் திறக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் குணத்தையே எடுத்து உனக்கு எதிரே பூட்டாகப் போட்டுவிட்டான்.

சுகன்யா நடுவில் வந்து, "விடுங்க அத்தை, போனவங்க போயிட்டாங்க. இருக்கிறவங்க ஒத்துமையா இருக்க வேணாமா" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் அவளும் அன்றைக்கு வடை தின்றவள்.

மறுநாள் காலையில் வித்யாவுக்குப் போன் போட்டேன். மூன்று வருஷம் கழித்து என் குரலைக் கேட்டு அவள் பயந்துவிட்டாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, அவரு தெரியாமத்தான் செஞ்சாரு. இனிமே லிஃப்டுல நான் சுவத்தப் பாக்க மாட்டேன்."

"அம்மா, அந்த டீச்சர் ஏன் எறங்கிப் போனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அவருக்குப் புரியல. நிஜமாவே உடம்புக்கு முடியலன்னுதான் நினைச்சிட்டிருக்காரு. அந்தக் கிரீடத்த ஹால்ல கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காரும்மா."

அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியவன் ஒருத்தன் இருந்தான்.

சனிக்கிழமை காலையில் நிலாவும் நானும் மட்டும் போனோம். நீ எப்போதும் நிற்கும் வளைவில், தண்ணீர் இறங்கியிருந்த நேரத்தில், அவள் உன் தாளை விரித்து உன் பாஷையில் வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். சரியோ தப்போ, எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பிலிப்பினோப் பெண்கள் போனைக் கீழே இறக்கிவிட்டு நின்று கேட்டார்கள். வரிக்கு வரி நான் தமிழில் சொன்னேன். தாள் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

விடியல் தேசத்து ஆற்றங்கரையிலிருந்து வருகிறேன்,
உன் உறவில் ஒருவரின் சாவைச் சொல்ல வந்திருக்கிறேன்.
எங்களுக்குக் கூடை தந்தவர் அவர்.
வண்டு உள்ளே நுழைந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.
உப்பில் நிற்கிற மரமே, உன் பக்கத்தில் நான் அழுதால்
யாருக்கும் தெரியாது.

கடைசி வரியை என்னால் சொல்ல முடியவில்லை. நிலாதான் சொன்னாள்.

கதவைத் திறக்காதது நான். பொய் அவனுடையது, கதவின் தாழ்ப்பாளில் இருந்த கை என்னுடையது. உன் உள்ளங்கை அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம், நடுவில் இரண்டு விரல்கடை மரப்பலகை. இதை நான் யார் தலையிலும் ஏற்றவில்லை. இது என்னோடு வரும், உன் கவிதையும் என்னோடு வரும், இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்கு இடம் இருக்கிறது.

அவன் தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறான். "என்னை மன்னிச்சிடும்மா" என்கிறான். சோறு போடுகிறேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்றுகூடக் கேட்கிறேன், வாய் பழகிவிட்டது. அவன் அதை மன்னிப்பு என்று நினைத்துக்கொள்கிறான். இல்லை. பாஸ்கரனை விட்டாயிற்று, வித்யாவை விட்டாயிற்று, பஷீர்மேல் முதலிலிருந்தே எனக்கு ஒன்றும் இல்லை. ஒருத்தனை மட்டும் விட மாட்டேன். சாவதற்கு முன்னால் மனசு இளகிவிட்டேன் என்று நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது, அதனால் பெயரை என் கையாலேயே எழுதி வைக்கிறேன்.

நான் பெற்ற குமரேசன்.